பொன்னுரங்கம் முதலாளியின் ஸ்டெப்னி

பொன்னுரங்கம் முதலாளி ஷேர் மார்க்கெட்டைப் பற்றி வாயைத் திறந்தால் காரின் கண்ணாடிகள் பயந்துபோய்த் தாமாகவே ஏறிக்கொள்ளும். அன்று கோவையிலிருந்து குன்னூர் போகும் வழியில் அவரிடம் அகப்பட்டவன் டிரைவர் ராக்கிமுத்து.

"வயசான காலத்துக்குன்னு சேத்த பணத்துல பாதியைத் தபாலாபீஸ்ல, கால்வாசியைத் தங்கத்துல, மிச்சத்தை மட்டும் ஷேர்லயா போடுவே? பயந்தாங்கொள்ளி! நாளைக்கே மொத்தத்தையும் எடுத்து நான் போட்டிருக்கிற ஒரே ஷேர்ல போடு. இல்லேன்னா கார் சாவியைக் கொடுத்துட்டுப் போ."

"சரிங்க முதலாளி."

கல்லாறு தாண்டி மலை ஏறும் இடத்தில் ராக்கிமுத்து வண்டியை நிறுத்தினான். டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டுபோய் ஒரு பாக்குமரத்தடியில் சாய்த்தான்.

"என்னடா பண்றே?"

"எட்டு வருசமா ஒரு மைல்கூட ஓடாத சக்கரமுங்க. தண்டச்சுமை. ஓடுற நாலு போதாதுங்களா?"

"மடையா! பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கு. நடுவுல ஒரு டயர் போச்சுன்னா உங்கப்பனா வருவான்?"

"அதுக்குத்தானுங்க தபாலாபீஸ்."

பின்சீட்டில் தூங்குவதுபோல் கிடந்த மனைவி தேவாத்தா மெல்லக் கேட்டாள்: "ஏனுங்க, என் நகையையும் வித்து அந்த ஒரே ஷேர்லதானே போட்டீங்க? நம்மூட்டு ஸ்டெப்னி எங்கீங்க?"

முதலாளியின் காதுமடல் சிவந்தது. இறங்கிப்போய், பட்டுவேட்டியில் கரி அப்ப, ஸ்டெப்னியைத் தாமே உருட்டிவந்து டிக்கியில் ஏற்றினார். பதினாலு வளைவும் முடியும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குன்னூரில் மனைவி உள்ளே போனபிறகு குரலைத் தாழ்த்தினார்: "ராக்கிமுத்து, தபாலாபீஸ்ல கணக்கு தொடங்க எத்தனை போட்டோ கேப்பாங்க?"

"ரெண்டுங்க முதலாளி. உங்களது ஒண்ணு, அம்மாவோடது ஒண்ணு."