கூட்டாஞ்சோற்றில் ஒரு மைனா

முருங்கைக்கீரை உருவக் கைதானே வேணும், வாய் சும்மாதானே இருக்கு. கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, அத்தை அடுப்படிக்குக் கூப்பிடுறதுக்குள்ள ஒரு கதை சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன், சிரிக்காமக் கேளுங்க.

மலைகள் எல்லாம் இன்னும் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் காயாம்பூ என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரு சிநேகிதி, பேர் நல்லக்கா. காயாம்பூ குளிக்கப் போனால் நல்லக்காவும் போவாள். விறகு பொறுக்கப் போனால் நல்லக்காவும் போவாள். காயாம்பூ அடி வாங்கினால் அதற்கும் கூடப்போய் நிற்பாள்.

ஒருநாள் பிள்ளைகள் எல்லாம் ஆற்றங்கரையில் கூட்டாஞ்சோறு ஆக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒரே பானையில் போட்டார்கள். சோறு கொதிக்கிற நேரத்தில், கையில் கூண்டோடு ஒரு மந்திரக்காரன் வந்து நின்றான்.

“பிள்ளை இல்லாத ஒருத்திக்கு இரக்கப்பட்டு, ஒரு மைனாக் குஞ்சைப் பெண் குழந்தையாக்கி இரவல் கொடுத்தேன். அது உங்களில் ஒருத்தி. இப்போ கொண்டுபோக வந்திருக்கேன்.”

பிள்ளைகள் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்தார்கள். காயாம்பூவுக்கு மட்டும் சிரிப்பு.

“ஐயா, நல்லக்காவைப் பிடிச்சுக்கோங்க! கீச்சு கீச்சுன்னு வாய் மூடவே மாட்டா.”

“போடி! நீ மட்டும் சோத்தைக் கொத்திக் கொத்தித் தின்ன மாட்டியா?” என்றாள் நல்லக்கா.

மந்திரக்காரன் சிரிக்கவில்லை. “மனுசப் பிள்ளைங்க எல்லாம் எனக்கு ஒரே மாதிரி இருக்கு. சோதிச்சுப் பார்க்கிறேன்” என்றான்.

முதலில் தினையை இறைத்தான். யாரும் குனியவில்லை.

அடுத்து, மந்திரத்தால் ஒரு பருந்து நிழலைத் தரையில் ஓடவிட்டான். எல்லாருமே ஓடினார்கள்.

மூன்றாவதாக, வாயைக் குவித்து மைனா மாதிரி கூப்பிட்டான்.

காயாம்பூவின் தோளில் சுருக்கென்றது. மேல்துணிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். இறகு! பிடுங்கிப் பார்த்தாள், உயிர் போகிற மாதிரி வலித்தது. பெற்றவள் என்று நினைத்தவள் பெற்றவள் இல்லையா? நேற்று வரை நடந்த கால் தன் கால் இல்லையா?

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. மந்திரக்காரனும் பார்க்கவில்லை.

“அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. வாயாடிதான் மைனா” என்று நல்லக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். கூண்டுக் கதவு திறந்தது. நல்லக்கா, “அடியே காயாம்பூ, விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுடி!” என்று அலறினாள்.

காயாம்பூ தோளைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேசாமல் இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

பிறகு துணியை விலக்கினாள். “அவளை விடுங்க. நான்தான்.”

கரையே அரண்டுபோனது. நல்லக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் வாயிலிருந்து சத்தம் வராதது அன்றைக்குத்தான்.

“கிளம்பு” என்றான் மந்திரக்காரன். “உன்னோடது ஒண்ணும் இங்கே தங்கக் கூடாது. அடுத்தவங்களோடது ஒண்ணும் உன்கூட வரக் கூடாது. பிசகினால் உன்னை மைனாவாக்கிக் கொண்டுபோற மந்திரம் அறுந்துபோகும்.”

காயாம்பூ அழுதுகொண்டே செருப்பை எடுத்தாள். சீப்பை எடுத்தாள். காதில் இரவலாகப் போட்டிருந்த நல்லக்காவின் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

தோட்டைக் கையில் வாங்கினதுமே நல்லக்காவுக்குக் குரல் வந்துவிட்டது.

“நில்லுங்க ஐயா! இவ போட்ட ஒரு பிடி அரிசி பானையில கிடக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க அரிசி ஒரு பருக்கை வந்தாலும் விட மாட்டோம்.”

மந்திரக்காரன் மூடியைத் திறந்தான். சோறு குழைந்து கிடந்தது. கையை விட்டான், சுட்டது. மந்திரம் சொன்னான், சோறு பிரியவில்லை. திரும்பத் திரும்பத் துழாவினான். எது யார் அரிசி என்று எந்தப் பருக்கையும் சொல்லவில்லை.

மந்திரம் அறுந்தது; காயாம்பூவின் தோளிலிருந்த இறகு தானாகக் கழன்று ஆற்றில் விழுந்தது. அவன் வெறும் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

காயாம்பூ தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்போ நான் மைனாவா, மனுசியாடி?”

“எனக்கென்ன தெரியும்? பசிக்குது, இலையைப் போடு. ஆனா என்னைக் காட்டிக் கொடுத்தேல்ல, அதுக்கு உன்னை அப்புறம் வச்சுக்கிறேன்.”

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவரைப் பலி கொடுக்காமல் உண்மையைச் சொல்லி நிற்கிறவர் எங்கே பிறந்திருந்தாலும், அவரை நம்மவர் என்று பிடித்து நிறுத்த ஆள் இருக்கும்.

மந்திரக்காரன் என்ன ஆனான்னா கேக்குறீங்க? போகிற வழியில் சுட்ட கையைக் கழுவக் கிணற்றுக்குள் குனிந்தான். அவன் முகத்தைத் தண்ணியில பார்த்தே வெகுகாலம் ஆச்சு. உள்ளே தெரிந்த முகத்தில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், நீட்டமாக, மஞ்சளாக, கூராக ஒரு… இந்தா வந்துட்டேன் அத்தை!