ஆனைமுடக்குக்குப் புதிதாக வந்த மருத்துவச்சி

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்கு விக்கல் எடுத்தது. தலைநகரில் எடுத்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அங்கே தெருவுக்கு நான்கு வைத்தியர்கள் இருந்தார்கள். மன்னரோ அப்போது வேட்டைக்காக ஆனைமுடக்கு என்ற மலையடிவாரச் சீமைக்குப் போயிருந்தார். தலைநகரிலிருந்து ஆறு நாள் பயணம். ஏழு சின்ன ஊர்கள், நிறையக் கற்கள். விக்கல் ஒன்றரை நாள் நிற்கவே இல்லை. சிலர் இரண்டு நாள் என்கிறார்கள். நான் ஒன்றரை என்றே வைத்துக்கொள்கிறேன். மன்னர் விஷயத்தில் கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இங்கே வைத்தியர் யாரும்... விக்... இல்லையா?" என்று மன்னர் கேட்டார்.

உடன் போயிருந்த அமைச்சர் பிரமராயர் கைகட்டிக்கொண்டு, "இந்தச் சீமையில் வைத்தியம் பார்ப்பவர் ஒருவரும் இல்லை, மன்னா" என்றார்.

விக்கல் தானாக நின்றுவிட்டது. மன்னருக்குத் தோன்றிய எண்ணம் மட்டும் நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் அவையைக் கூட்டினார்.

"மன்னன் விக்குகிற இடத்தில் ஒரு வைத்தியர் இல்லை என்றால் அது என்ன நாடு? ஆனைமுடக்குக்கு வைத்தியர் வேண்டும். என்ன கொடுத்தால் வருவார்களோ அதைக் கொடுங்கள்."

அமைச்சரும் அரண்மனைத் தலைமை வைத்தியர் அகத்தீசப் பண்டிதரும் சேர்ந்து சலுகை ஓலை எழுதினார்கள். அதில் இருந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். "வெளியிலிருந்து ஆனைமுடக்குக்கு வந்து வைத்தியம் பார்ப்பவருக்கு" என்று ஓலை தொடங்கியது. அவருக்குக் காரை பூசிய வீடு. அந்த வீட்டில் ஓர் அறை நிறைய அரண்மனை மருந்துகள். நான்கு பேர் தூக்கும் பல்லக்கு. கன்றோடு ஒரு பசு. பிணிவென்றார் என்ற பட்டம். நிபந்தனை இரண்டுதான். எல்லைக்கல்லைத் தாண்டி வந்ததற்கு மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டும், நோயைத் தீர்த்ததற்கு ஐந்து பேர் சொல்ல வேண்டும்.

முதலில் போனவர் பண்டிதரின் சகலை. ஒன்பது நாள் இருந்தார். பட்டம் கைக்கு வந்ததும் தலைநகருக்குத் திரும்பி, அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். அவர் வீட்டில் கூட்டம் மும்மடங்கானது. இரண்டாவது, பண்டிதரின் மாணவர். பல்லக்கில் போனார், பல்லக்கிலேயே திரும்பினார். மூன்றாமவர் பசுவைத் தண்ணீர் காட்டக் கூட்டிப் போனார். ஆறு நாள் நடந்து வந்து தலைநகர் ஆற்றில் காட்டினார்.

ஒவ்வொருவர் திரும்பும்போதும் அமைச்சர், "சலுகை போதவில்லை, மன்னா" என்றார். வீட்டுக்கு மாடி வந்தது. பல்லக்குக்குப் பட்டுத் திரை வந்தது. பசு இரண்டானது.

பசு இரண்டான அன்று அவையில் ஒருவர் சிரித்துவிட்டார். அரண்மனை விகடர் அங்கமுத்து.

"என்ன சிரிப்பு?" என்றார் மன்னர்.

"ஒன்றுமில்லை, மன்னா. நாம் பல்லக்கையும் பசுவையும் ஆனைமுடக்குக்கு அனுப்புகிறோம். அவை வைத்தியர்களைப் பத்திரமாகத் தலைநகருக்குக் கூட்டி வந்துவிடுகின்றன."

அவை சிரித்தது. பண்டிதர் சிரிக்கவில்லை. "சிரிக்கத் தெரிந்தவர் ஒரு வைத்தியரைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டட்டும்" என்றார்.

"அதே ஓலைப்படி" என்று சேர்த்துக்கொண்டார் அமைச்சர். "ஓர் எழுத்தை மாற்றக் கூடாது. ஒரு சலுகையைக் கூட்டக் கூடாது."

மன்னருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. "நாற்பது நாள் தருகிறேன், அங்கமுத்து. ஓலைப்படி தகுதியானவர் வந்தால் அவரை வரவேற்றுச் சலுகைகளைக் கொடுக்கும் அதிகாரமும் தருகிறேன். முடியாவிட்டால் நீயே ஆனைமுடக்கில் குடியேறிவிடு. இந்தப் பக்கம் வராதே."

அங்கமுத்து முறையாகத்தான் தொடங்கினார். மூன்று நாள் தலைநகரில் தெருத் தெருவாகப் போய் எல்லா வைத்தியர்களையும் கேட்டார். ஒருவரின் மாமியாருக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது. இன்னொருவர் நல்ல நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த நல்ல நாள் அடுத்த ஆண்டில் இருந்தது. ஒருவர் குரலைத் தாழ்த்தி, "பட்டத்தை மட்டும் இங்கேயே வாங்கிக்க வழி இருக்கா?" என்றார். நான்காம் நாள் அங்கமுத்து தனியாக வண்டி ஏறினார்.

ஆனைமுடக்கில் சலுகை வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழு ஊருக்கும் மாடி வீடு அது ஒன்றுதான். பெரிய பூட்டுத் தொங்கியது. பூட்டுக்குக் கீழே சாவியோடு ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான். பெயர் கொளஞ்சி. வீட்டின் நிழலில் முப்பது பேர் வரிசையாகக் காத்திருந்தார்கள். அந்த ஊரில் அவ்வளவு நிழல் வேறெங்கும் இல்லை. வரிசையின் தலைமாட்டில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு குழந்தையின் வாயைத் திறந்து வேப்பங்குச்சியால் நாக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?" என்று அங்கமுத்து கொளஞ்சியிடம் கேட்டார்.

"காத்தாயி அம்மாங்க. மருத்துவச்சி. வைத்தியர் வர்ற வரைக்கும் இவங்கதான் பாத்துக்கிறாங்க."

"எவ்வளவு நாளா?"

கொளஞ்சி யோசித்தான். "நான் பொறந்ததே இவங்க கையிலதாங்க."

கொளஞ்சிக்கு மீசை முளைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

காத்தாயி நிமிராமலே பேசினாள். "அரண்மனையிலேருந்தா வர்றீங்க, ஐயா? புது வைத்தியரா? எத்தனை நாளைக்கு?"

"நான் வைத்தியன் இல்லை, அம்மா. மன்னரைச் சிரிக்க வைக்கிறவன்."

"அப்ப நீங்களாவது இருங்க." குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வீடு வேணாம், பல்லக்கு வேணாம். உள்ள அந்த மருந்தறை இருக்கே, அதைத் தொறந்து குடுங்க. இன்னும் பத்து நாள்ல மழை. மழை வந்தா காய்ச்சல். போன மழைக்குப் பதினொரு பேரைப் பொதைச்சோம். காட்டுல பறிக்கிற தழையை வச்சுக்கிட்டு நான் எத்தனை பேரை இழுத்துப் பிடிக்க?"

"ஏம்பா, திறந்தால் என்ன?" என்றார் அங்கமுத்து.

கொளஞ்சி சாவியை இடுப்பில் இறுக்கிக்கொண்டான். "வெளியிலேருந்து வர்றவங்களுக்குத்தாங்க சாவி. ஓலையில அப்படித்தான் இருக்கு. இவங்க உள்ளயே இருக்காங்களே! குடுத்தா என் தலை போயிரும். போன மழைக்கு எங்க அண்ணன் படுத்திருந்தப்பவே நான் தொறக்கலீங்க."

அவன் பெருமையாகச் சொன்னானா, அழுதுவிடுவானா என்று அங்கமுத்துவுக்குத் தெரியவில்லை. பதினொரு பேரில் ஒருவர் அந்த அண்ணன்.

அங்கமுத்து ஓலையை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார். "அம்மா, எல்லைக்கல் எங்கே இருக்கு?"

"அந்தப் புளியமரம் தாண்டி, ஓடைக்கு இந்தாண்ட."

"கொஞ்சம் அதைத் தாண்டிப் போய்ட்டு வர்றீங்களா?"

"எதுக்கு? அடுப்புல கஷாயம் கெடக்கு."

"கஷாயத்தை நான் பாத்துக்கறேன். நீங்க தாண்டுங்க. தாண்டிட்டு, திரும்பி வாங்க. ஆனா வர்றப்ப வெளியூர்க்காரங்க மாதிரி வரணும்."

"எனக்கு நடிக்கத் தெரியாது, தம்பி."

"நடிக்க வேண்டாம். கல்லுக்கு அந்தாண்டேருந்து இந்தாண்ட வந்தா போதும்."

காத்தாயி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். நாடி பார்க்கலாமா என்று யோசித்த பார்வை அது. ஆனால் மருந்தறைப் பூட்டையும் பார்த்தாள். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சீக்கிரம் திரும்பவில்லை. ஓடைக்கு அப்பால் ஒரு வண்டிக்காரன் கால் பிசகி உட்கார்ந்திருந்தானாம். அதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வந்தாள். அதற்குள் அங்கமுத்து மேளக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார். மாலை வாங்கியிருந்தார். கஷாயத்தைத் தீய விட்டிருந்தார்.

கல்லைத் தாண்டி அவள் கால் வைத்ததும் மேளம் முழங்கியது. அங்கமுத்து தலை குனிந்து, அரண்மனைத் தமிழில், "ஆனைமுடக்குக்குத் தங்கள் வரவு நல்வரவாகுக. பயணம் சுகமாக இருந்ததா?" என்று கேட்டார்.

"கால்ல முள்ளு குத்திருச்சு" என்றாள் காத்தாயி.

கல்லைத் தாண்டி வந்ததற்கு ஓலை மூன்று சாட்சி கேட்டது, ஊரே சொன்னது. நோய் தீர்த்ததற்கு ஐந்து சாட்சி கேட்டது. முதல் சாட்சி கால் கட்டுப் போட்ட வண்டிக்காரன். கொளஞ்சி ஓலையை அங்கமுத்துவிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான். அதன் பிறகு இரண்டு கையாலும் சாவியை எடுத்து, தன்னைப் பெற்றெடுக்க உதவியவளின் முன்னால் வளைந்து நின்று, "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்" என்றான்.

மழை பத்தாம் நாள் வரவில்லை, ஏழாம் நாளே வந்துவிட்டது. அதற்குள் மருந்தறையில் பாதி ஜாடிகள் திறந்திருந்தன. பட்டுத் திரைப் பல்லக்கு ஏழு ஊரிலிருந்தும் காய்ச்சல்காரர்களைத் தூக்கி வந்தது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்: "என்ன இருந்தாலும் வெளியிலேருந்து வந்தவங்க வைத்தியமே தனிதான். பழைய அம்மாகிட்ட இந்தக் கைராசி இல்லை."

நாற்பதாவது நாள் அங்கமுத்து கொளஞ்சியைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு அவையில் நின்றார். காத்தாயி வரவில்லை. ஒன்பது பேர் படுத்திருக்கிறார்கள், மன்னருக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அமைச்சரின் ஒற்றர்கள் முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். அமைச்சர் எழுந்தார். "மோசடி, மன்னா! அந்தப் பெண் எங்கிருந்தும் வரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கேயேதான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்!"

"ஒரு நூலும் கற்றவளில்லை" என்றார் பண்டிதர்.

அங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டார். "மன்னா, அமைச்சர் பெருமான் சொன்னதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆனைமுடக்கில் வைத்தியம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார் என்கிறார். தங்களுக்கு விக்கல் எடுத்த அன்று ஒருவரும் இல்லை என்று சொன்னவரும் இவர்தான். இருந்தது உண்மையென்றால், ஒன்றரை நாள் தங்களை விக்க விட்டவர் இவர். இல்லை என்றது உண்மையென்றால், காத்தாயி அம்மாள் புதிதாக வந்தவர். மேளம் கொட்டி நான்தான் வரவேற்றேன். எது உண்மை என்று அமைச்சரே சொல்லட்டும். இரண்டுக்கும் நான் தலைவணங்குகிறேன்."

அவை அமைச்சரைப் பார்த்தது. அமைச்சர், "புதிதாக... வந்தவர்தான்" என்றார்.

மன்னர் கொளஞ்சியின் பக்கம் திரும்பினார். "போன மழைக்கு எத்தனை பேர் இறந்தார்கள்?"

"பதினொண்ணுங்க, மகாராசா. எங்க அண்ணனையும் சேத்து."

"இந்த மழைக்கு?"

"ஒருத்தருங்க. அவரும் பனைமரத்திலேருந்து விழுந்தவருங்க."

பண்டிதர் அதற்குப் பிறகு நூல்களைப் பற்றிப் பேசவில்லை. மன்னரும் சிரிக்கவில்லை. "இந்த ஓலை இனி எல்லாச் சீமைகளுக்கும் பொருந்தும்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

இருபது நாள் கழித்து நான்கு திசைக் காவலர்களும் ஒரே காலையில் மூச்சு வாங்க அவைக்குள் ஓடி வந்தார்கள்.

"மன்னா! சீமைதோறும் மருத்துவச்சிகள் ஊரை விட்டு வெளியேறுகிறார்கள்! பச்சிலை பார்ப்பவர்கள், எலும்பு கட்டுபவர்கள், விஷக்கடி வைத்தியர்கள், எல்லாரும் எல்லைக்கல்லைத் தாண்டிப் போகிறார்கள்! நூற்றுப் பதின்மூன்று பேர் போய்விட்டார்கள்!"

அமைச்சர் பதறி எழுந்தார். மன்னர் அமைதியாகக் கேட்டார். "எப்போது திரும்பினார்கள்?"

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில், மன்னா."

மன்னர் விரல் விட்டு ஏதோ எண்ணினார். "காத்தாயியோடு நூற்றுப் பதினான்கு. அங்கமுத்து, என் நாட்டில் இத்தனை பேர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது!"

"தங்களுக்கு எப்படித் தெரியும், மன்னா?" என்றார் அங்கமுத்து. "அவர்கள் நேற்றுத்தானே வந்தார்கள்!"

மன்னர் சிரித்தார். அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அங்கமுத்துவின் கழுத்தில் போட்டார். புதிதாக வந்த நூற்றுப் பதின்மூன்று பேரையும் அவரவர் எல்லைக்கல்லுக்கே போய், மாலையும் மேளமுமாக வரவேற்க வேண்டும் என்று அமைச்சருக்கும் பண்டிதருக்கும் உத்தரவானது. நாட்டில் எத்தனை எல்லைக்கற்கள் இருந்தன என்று அமைச்சருக்கு அதுவரை தெரியாதாம். நடந்து முடிக்க ஓராண்டு ஆயிற்று.