தேவாங்கு முந்திச் சொன்ன சொல்

அந்தக் காலத்தில் மனிதரும் விலங்குகளும் ஒரே பேச்சுப் பேசினார்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளைகூடச் சொல் கேட்டுத்தான் வளர்ந்தது. மூளைக்குள் குருத்துச் செல்கள் இருந்தன. வெளியிலிருந்து "பெருகுங்கள்" என்று குரல் கேட்டால் அவை பெருகும். "மாறுங்கள்" என்று கேட்டால் நரம்புச் செல்களாக மாறிவிடும். மாறியது மறுபடி பெருகாது.

எதை எப்போது சொல்வது என்ற பொறுப்பு தேவாங்கிடம் இருந்தது. அப்போது அதற்குக் கணீரென்ற குரல். மான்குட்டி பிறந்ததும் துள்ளினால், "நான் சொல்லி வளர்த்த பிள்ளை" என்று காடெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும்.

மலையடிவாரத்தில் கொம்பாயி என்ற பெண் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள். மனிதப் பிள்ளைக்கு மூளை பெரிது. நெடுநாள் "பெருகுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தேவாங்குக்கு அலுத்துப்போனது. இலுப்பை பூத்திருந்த சமயம் அது. எல்லா விலங்குகளும் பூத் தின்னப் போய்விட்டன. கொம்பாயி கண்ணயர்ந்திருந்தபோது தேவாங்கு அவள் வயிற்றருகே குனிந்து, "எல்லோரும் மாறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடியது.

குருத்துச் செல்கள் ஒன்றுவிடாமல் மாறின. பெருக ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தேவாங்கு திரும்பி வந்ததும் கொம்பாயி கேட்டாள்: "பெருகச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கே?"

"ஆமா கொம்பாயி" என்றது தேவாங்கு.

கொம்பாயிக்குச் செவந்தி பிறந்தாள். தலை மிகச் சிறியதாக இருந்தது. மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை. தாயின் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.

"நான் ஆகாதது எதையும் தின்னுட்டேனா? பாரம் தூக்கிட்டேனா?" என்று கொம்பாயி தன்னையே நொந்து அழுதாள். தேவாங்கு பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அழும் நாளெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசியில் தாளமுடியாமல் வாய் திறந்தது.

"நீ ஒண்ணும் செய்யலை. நான்தான் முந்திச் சொல்லிட்டேன். பூத் தின்னப் போகணும்னு."

கொம்பாயி கத்தவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு எனக்குக் குறைச்சல் இல்லை. நான் அழுததைப் பார்த்துக்கிட்டே இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தியே, அதைத்தான் தாங்க முடியலை."

தேவாங்கு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது.

கொம்பாயி மறுபடி உண்டானபோது அவளே அதைக் கூப்பிட்டனுப்பினாள். "வேற யாருக்கும் இந்தச் சொல் சொல்லத் தெரியாது. வந்து சொல்லு." தேவாங்கு வந்து வாயைத் திறந்தது. வெட்கத்தில் குரல் வரவில்லை. வயிற்றில் காதை மட்டும் வைத்துக்கொண்டது.

உள்ளே செல்கள் சொல்லுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தாமாகவே பெருகத் தொடங்கின. பிறகு ஒரு செல் நரம்பாக மாறியது. மாறும்போதே பக்கத்துச் செல்லைத் தொட்டு, "நான் மாறிட்டேன். நீ பொறு. நீயும் மாறிட்டா அப்புறம் பெருக யாரு இருக்கா?" என்றது. தொடப்பட்ட செல் பொறுத்துக்கொண்டது.

தேவாங்கு அதைக் கேட்டது. இனி தன் குரல் யாருக்கும் தேவையில்லை என்று புரிந்தது. கொம்பாயியிடம் சொல்லிக்கொள்ளக்கூட முகமில்லாமல் மரமேறிப் போய்விட்டது.

வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குள் செல்கள் ஒன்றையொன்று தொட்டுச் சேதி சொல்லிக்கொள்வது அன்றிலிருந்துதான். பகலெல்லாம் தேவாங்கு முகத்தைப் புதைத்துச் சுருண்டு கிடப்பதும், எல்லோர் கண்ணும் மூடிய பிறகே கிளையில் மெல்ல அடியெடுத்து வைப்பதும் அன்றிலிருந்துதான்.