வால் தூக்கிய உறுப்பினர்

கரட்டுக்காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டையில் தவளைகள் இருந்தன. அந்தத் தவளைகளுக்காகக் காட்டுச் சபையில் ஓர் உறுப்பினர் இருந்தார். அவர் ஒரு மயில். அந்த மயில் நான்தான்.

தவளைகளுக்கு மயில் எப்படி உறுப்பினர் ஆகலாம் என்று கேட்கிறீர்களா? சபையில் வாலால்தான் வாக்களிக்க வேண்டும். தவளைக்கு வால் கிடையாது. அதனால் என் தாத்தா உறுப்பினர் ஆனார். பிறகு அப்பா. பிறகு நான். எங்கள் வம்சத்தில் ஒருவர் முருகனையே சுமந்தவராம்! எத்தனையாவது தலைமுறை என்று கேட்டால் மட்டும் வீட்டில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தேர்தல் வந்தால் குட்டைக்கரையில் ஒரு முறை தோகை விரித்து ஆடுவேன். தவளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். ஓட்டு விழுந்துவிடும். உறுப்பினரான பிறகு தவளைகளைத் தின்பதை நிறுத்திவிட்டேன். தொகுதிக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான்.

சபையில் 'ஆம்' என்றால் வாலைத் தூக்க வேண்டும். 'இல்லை' என்றால் தொங்கவிட வேண்டும். நான் போனதும் உயரமான கிளையாகப் பார்த்து உட்கார்ந்து தூங்கிவிடுவேன். தூங்குகிறவன் வால் தொங்கத்தானே செய்யும்? பத்து வருடமாக நான் எல்லாத் தீர்மானத்தையும் எதிர்த்ததாகப் பதிவாகிவிட்டது. 'கொள்கைக் குன்று' என்று பட்டமே கொடுத்தார்கள்! நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் கோடையில் காட்டுப்பன்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. குட்டைக்கு வரும் ஓடையை மறித்து, பன்றிகள் புரளும் சேற்றுப் பள்ளத்துக்குத் திருப்ப வேண்டுமாம்.

செல்லாயி என்ற தவளை பதறிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, என் புள்ளைங்க எல்லாம் இன்னும் தலைப்பிரட்டைங்க. காலு முளைக்கல. தண்ணி வத்திப்போச்சுன்னா தாவி எங்கயும் போக முடியாதுங்க. இன்னும் ஒரு மாசம் தண்ணி இருந்தாப் போதும்!"

"கவலையை விடு செல்லாயி! பத்து வருடமாக 'இல்லை' சொன்னவன் நான். இன்னும் ஒன்று சொல்லமாட்டேனா?"

உண்மையில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வழக்கம்போல் தூங்கினால் போதும். அதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

வாக்கெடுப்பு நாளன்று பன்றியின் கையாள் கீரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஐயா, தூங்கிட்டீங்களா? அங்க புளியமரத்துல மூணு பெண்மயில் வந்திருக்கு. உங்க தோகைக்கு வயசாயிடுச்சுன்னு பேசிக்கிறாங்க!"

"யாருக்கு வயசு? எனக்கா?"

என் தூக்கம் பறந்தது. அதே நேரம் சபாநாயகர் யானை, "ஆம் என்பவர்கள் வாலைத் தூக்கலாம்!" என்று பிளிறியது. அது என் காதில் விழவே இல்லை. நான் புளியமரத்தைப் பார்த்து முழுத் தோகையையும் விரித்தேன். இந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை காட்டினேன்.

"ஆம் இருபத்தொன்று! இல்லை இருபது! தீர்மானம் ஒரு வாக்கில் வென்றது!" என்றது யானை.

பன்றிகள் துள்ளிக் குதித்தன. கீரி எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவியது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு புளியமரத்தைப் பார்த்தேன். அங்கே இருந்தவை பெண்மயில்களே அல்ல. மூன்று காட்டுக்கோழிகள்!

நான் இருந்த மரத்தடியில் செல்லாயி நின்றிருந்தாள். அரை நாள் வெயிலில் தாவித் தாவி வந்திருக்கிறாள். அவள் தோல் காய்ந்து சுருங்கியிருந்தது.

"கூட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நம்ம ஓட்டு எந்தப் பக்கம் விழுந்துச்சு, ஐயா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யானையைக் கூப்பிட்டேன்.

"யானையாரே! என் வாக்கை மாற்ற முடியுமா?"

"முடியும். வாக்கெடுப்பின்போது தங்கள் புத்தி எங்கே இருந்தது என்று சபை கலைவதற்குள் எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்கிறீர்களா, கொள்கைக் குன்றே?"

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா நினைவுக்கு வந்தார். தாத்தா வந்தார். முருகனே வந்தார். பேசாமல் பறந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே நினைத்தேன். ஆனால் செல்லாயி இன்னும் என்னை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"சபையோரே! நான் கவனிக்கவில்லை! காட்டுக்கோழிகளைப் பெண்மயில்கள் என்று நினைத்துத் தோகை காட்டிக்கொண்டிருந்தேன்! இன்று மட்டுமல்ல, பத்து வருடமாக இங்கே தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்!"

முயல்கள் உருண்டு புரண்டு சிரித்தன. யானை தும்பிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் கணக்கு மாறியது. தீர்மானம் தோற்றது. பத்து வருடத்தில் சபையில் நான் ஆற்றிய ஒரே உரை அதுதான். பட்டத்தை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஓடை ஓடியது. தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது. குட்டைக்கரை முழுவதும் குட்டித் தவளைகள் தாவின. அவற்றைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த தேர்தலும் வந்தது. என் வாழ்நாளிலேயே சிறந்த ஆட்டத்தை ஆடினேன். தவளைகள் வாயைப் பிளந்து பார்த்தன. எனக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதுவும் நான் போட்டது. செல்லாயி ஜெயித்துவிட்டாள்!

"வாலே இல்லாத நீ எப்படி வாக்களிப்பாய்?" என்று கேட்டேன்.

"காலைத் தூக்கினாப் போதும்னு யானையார் சொல்லிட்டாருங்க."

"உன் பிள்ளைகளைக் காப்பாற்றியவன் நான்தானே, செல்லாயி?"

"அதுக்கு உசுரு இருக்கிற வரைக்கும் உங்களைக் கும்பிடுவேனுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் உங்களை முழிக்க வைக்க அரை நாள் வெயில்ல தாவி வர என்னால ஆகாதுங்க. வர்றதுதான் வர்றேன், நானே உக்காந்துக்கிறேன்!"

பரம்பரை பதவியை வாங்கித் தரலாம். அதில் விழித்திருக்கும் வேலையை அவரவர்தான் செய்ய வேண்டும்.