கத்தி ஏன் பேச்சை விட்டுச்சு

அந்தக் காலத்துல இரும்பு பேசும். பேசும்னா, வாய் ஓயாது. தேரிக்காட்டு ஓரமா ஒத்தைப் பட்டறை போட்டிருந்த நயினார் ஆசாரிக்குப் பொண்டாட்டி புள்ள கிடையாது. அவர் அடிச்ச கத்திங்கதான் பேச்சுத்துணை. வெட்டுக்கத்தி, சளி பிடிச்ச பெரியப்பா மாதிரி கர்ரு கர்ருன்னு இழுக்கும். காய் அரியற கத்தி, கல்யாண வீட்டு அத்தைங்க மாதிரி கீச்சு கீச்சுன்னு.

வாங்க வர்றவங்க, நல்லாயிருக்கியான்னு கத்தியையே கேப்பாங்க. அதுவும் உள்ளதைச் சொல்லும். ஒரு தடவை ஒரு அருவா, எனக்கு உள்ளுக்குள்ள விரிசல்னு சொல்லுச்சு. ஆசாரி அதை எடுத்து மூலையில போட்டாரு. ஒருத்தரும் அதுகிட்ட பேசல.

இதை ஒரு பாளைக்கத்தி பார்த்துக்கிட்டே இருந்துச்சு. பனம்பாளை சீவுற கத்தி. காய்ச்சித் தண்ணியில முக்குனப்ப அதுக்கும் முடி கனத்துக்கு விரிசல் விழுந்திருந்துச்சு. வெளியில தெரியல. கூட இருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா வித்துப்போச்சு.

பனையேறி தவசிக்கனி வந்து கேட்டாரு.

"நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி. கூட்டிட்டுப் போங்க."

நம்பி வாங்கிட்டாரு. புளியங்கட்டையில பிடி போட்டாரு. வேலை முடிஞ்சா துடைச்சு, எண்ணெய் தடவி, துணியில சுத்தி வைப்பாரு. மரத்து மேல பேச வேற யாரு இருக்கா? ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கும்.

பதினோராம் நாள், உச்சியில பாளை சீவும்போது கத்தி படக்குனு உடைஞ்சு அவர் உள்ளங்கையில பாஞ்சுருச்சு. எப்படியோ இறங்கிட்டாரு. ஆனா ரெண்டு விரல் அப்புறம் மடங்கவே இல்ல. மரம் ஏற முடியல.

துண்டு ரெண்டையும் பட்டறையில கொண்டுவந்து வச்சாரு. ஏன் சொல்லலன்னு ஆசாரி கேட்டாரு.

"சொன்னா மூலையில போட்டிருப்பீங்க. அங்க ஒத்தையிலதானே கிடக்கணும்."

"அட கிறுக்கே. மறுபடி காய்ச்சி அடிக்கத்தானே அங்க போடறது."

கத்தி அதுக்கப்புறம் பேசல.

ஆசாரியும் மத்த கத்திகளைக் கேக்குறதை விட்டுட்டாரு. கேட்டா நம்பணுமே. கேக்க ஆளில்லாத பேச்சு எத்தனை நாள் நிக்கும்? கர்ரு கர்ரு நின்னுச்சு. கீச்சு கீச்சும் நின்னுச்சு. பட்டறையில சுத்தியல் சத்தம் மட்டும்தான்.

அன்னையிலருந்துதான் கத்தி வாங்கப்போறவங்க வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கறதில்ல. நகத்தால ஒரு சுண்டு சுண்டி, காதுகிட்ட வச்சுப் பார்க்கறாங்க. நல்ல கத்தின்னா ணங்குனு சொல்லும். விரிசல்னா டொக்குன்னு சொல்லும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசறதில்ல.