நத்தைகுத்தி நாரையின் வாய் ஏன் மூடுவதில்லை

பால் புகட்டும் பாலாடையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகள் தன்ஷிகா மேல் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். உறிஞ்சிக் குடிக்க அவளுக்கு வராது. மூக்கு வைத்த இந்தச் சின்னக் கிண்ணத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். இன்று நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு அவளை முதன்முதலாக வெளியே தூக்கிப் போகிறோம். முகத்தை மூட என் மாமியார் ஒரு வெள்ளைத் துணி துவைத்து வைத்திருக்கிறார்கள். வேன் வருவதற்குள், எங்கள் ஏரிக்கு வரும் நாரையைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லும் கதையை எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் நம்மைப் போலவே பேசித் திரிந்தபோது, நத்தைகுத்தி நாரைக்கும் மற்ற நாரைகளைப் போல அலகு நன்றாக மூடும். ஏரிக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில் அவை கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன.

அதில் செங்காலி என்ற நாரைக்கு ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. அதன் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. குஞ்சுக்குத் தூவி என்று பெயர் வைத்தாள்.

மீனை ஊட்டினால் இடுக்கு வழியே நழுவி விழும். செங்காலி அதன் தலையை அண்ணாத்திப் பிடித்து, மென்று கூழாக்கி, தொண்டையில் இறக்குவாள். மற்ற குஞ்சுகள் தின்று தூங்கி எழுந்த பிறகும் தூவி தின்றுகொண்டிருப்பாள்.

பக்கத்துக் கிளையில் வெள்ளச்சி இருந்தாள். கெட்டவள் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

"கிரகணத்தன்னைக்கு அடையில உக்காந்துக்கிட்டு குச்சி எதையாவது ஒடிச்சிருப்பே. அதான் பிள்ளைக்கு இப்படி."

"இல்லக்கா, நான் அசையக்கூட இல்ல."

"அசையாம இருந்தவளுக்கு ஏன்டி இப்படிப் பொறக்குது?"

 ஒடித்தோமோ என்று செங்காலிக்கே சந்தேகம் வந்துவிடும்.

தூவி பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போய்விடும். அது அம்மாவுக்குப் புரியும். வெள்ளச்சியின் மகள் கூரிக்கும் புரியும். வேறு யாருக்கும் புரியாது. மற்ற குஞ்சுகள் அதுபோலவே பேசிக் காட்டிச் சிரிக்கும். கூரி போய் அவற்றைக் கொத்திவிட்டு வரும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. கோடையில் உச்சி வெயில் கூட்டில் நெருப்பாக இறங்கும். தாய் தகப்பன் அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றினால்தான் அவை பிழைக்கும். அதனால் இளசுகள் ஒவ்வொன்றும் ஏரியில் ஒரு வாய் தண்ணீர் அள்ளி, சிந்தாமல் மரத்தடிக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாததைக் கூட்டம் சேர்த்துக்கொள்ளாது.

அந்த வருடம் ஏரி வேகமாக வற்றியது. இருந்த குட்டையைச் சுற்றி நரிகள் உலாத்த ஆரம்பித்தன. கூட்டத் தலைவர் நெடுங்காலர் உத்தரவு போட்டார்.

"விடிஞ்சதும் தண்ணி காட்டுறது. முடிஞ்சதும் கிளம்பிரணும்."

இங்கே தங்கினால் நரி வாயில்தான் என்று செங்காலிக்குத் தெரியும். களிமண்ணைக் குழைத்துத் தூவியின் அலகு இடுக்கில் அப்பினாள். தண்ணீர் பட்டதும் கரைந்தது. பாசியைத் திணித்தாள். அது தொண்டைக்குள் போய்க் குஞ்சு இருமி இருமி மயங்கியது. பதறிப்போய் அதையும் பிடுங்கி எறிந்தாள்.

விடிந்தது. கூரி சிந்தாமல் கொண்டுவந்தது. மற்றவையும் கொண்டுவந்தன. தூவி கடைசி.

தண்ணீரை அள்ளிக்கொண்டு அவள் ஓடினாள். கழுத்தைச் சாய்த்தாள், இறக்கையைத் தாடைக்கு முட்டுக் கொடுத்தாள். தண்ணீர் இடுக்கு வழியே ஒழுகிக்கொண்டே வந்தது. மரத்தடியில் வாயைத் திறந்தபோது உள்ளே ஈரம் மட்டும்தான் இருந்தது. திரும்பவும் ஓடப் பார்த்தாள். நெடுங்காலர் குறுக்கே நின்றார்.

"போதும்மா. போன கோடையில எத்தனை குஞ்சு வெந்து செத்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இது நாளைக்குத் தன் குஞ்சைக் காப்பாத்தாது. இங்கேயே இருக்கட்டும்."

தூவி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுது?" என்றார் அவர்.

"அம்மா இன்னும் சாப்பிடல, சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு சொல்றா," என்றது கூரி.

செங்காலி எல்லோர் முன்னாலும் வாய் திறந்து பேசினவளே இல்லை.  சேற்றில் கிடந்த நத்தைகளிலேயே பெரியதாக, ஓடு கெட்டியானதாக ஒன்றைத் தேடி எடுத்தாள். அலகுக்கு நடுவில் வைத்தாள். கடித்தாள்.

ஓடு உடையவில்லை. அவள் விடவுமில்லை.  அலகு நெறுநெறுவென்று வளையும் சத்தம் மரத்து உச்சி வரை கேட்டது. நத்தையைத் துப்பியபோது அவள் வாயிலும் வெளிச்சம் தெரிந்தது.

நேராகக் குட்டைக்குப் போய்த் தண்ணீர் அள்ளினாள். ஒழுகவிட்டபடியே நடந்து வந்து நின்றாள்.

"மாமா, நானும் தோத்துட்டேன். என்னையும் விட்டுட்டுப் போங்க."

"பைத்தியக்காரி! நல்ல வாயைக் கெடுத்துக்கிட்டியே!"

 குட்டைக்கு அந்தப் பக்கம் நரி ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்போது கூரி குனிந்து ஒரு நத்தையை எடுத்தது.

"துப்புடி அதை!" வெள்ளச்சி அலறினாள். "சனியனே, துப்புன்னு சொல்றேன்ல!"

கூரி துப்பவில்லை. நத்தையைக் கவ்விக்கொண்டே போய்த் தூவி பக்கத்தில் நின்றது. அதைப் பார்த்து இன்னொரு குஞ்சு, பிறகு இன்னொன்று. முன்பு பேசிக் காட்டிச் சிரித்தவைகூடப் போயின. குஞ்சு அலகு இளசு, வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும். ஆனால் வளரும்போது வளைந்துவிடும் என்று தாய்களுக்குத் தெரியாதா?

வெள்ளச்சி மகளைப் பார்த்தாள். செங்காலியைப் பார்த்தாள்.

"என் மகள் ஒழுகிக்கிட்டு நிக்க, நான் சும்மா நிக்கணுமா? எங்கே, எனக்கும் ஒண்ணு எடுத்துப் போடு," என்றாள். கடிக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் கடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர்களில் நெடுங்காலர் வாய் ஒன்றுதான் மூடியிருந்தது.

"எல்லாம் சரி. வெயிலுக்குத் தண்ணி எப்படிக் கொண்டு வருவீங்க?"

கேள்வி எல்லோருக்கும் பொதுவானதும் எல்லோரும் யோசித்தார்கள். யாரோ ஒருத்தி, "விழுங்கிக்கிட்டு வந்து கக்குவோமே," என்றாள். செய்து பார்த்தார்கள். சொட்டு சிந்தவில்லை. தூவியும் விழுங்கி வந்து நெடுங்காலர் காலடியில் கொட்டினாள். முன்பே அவளிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் முன்பே செய்திருப்பாள். அவள் ஒருத்திக்காக யாரும் அதை யோசிக்கவில்லை.

நெடுங்காலர் ஈரமான தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஒரு நத்தையை எடுத்தார்.

கூட்டம் கிளம்பியது. தூவி நடுவில் பறந்தாள்.

அன்று முதல்தான் நத்தைகுத்தி நாரைக்குக் குஞ்சாக இருக்கும்போது அலகு மூடியும், வளர வளர நடுவில் திறந்தும் இருக்கிறது. நத்தை பிடிக்கத் தோதாக அப்படி அமைந்தது என்பார்கள். அந்தத் தோது பிறகு வந்தது. முதலில் அது ஒரு குஞ்சுக்காக

வேன் வந்துவிட்டது. அத்தை வாசலிலிருந்து கூப்பிடுகிறார்கள். "ஏம்மா, பிள்ளை மூஞ்சியில போடுற துணியை எடுத்துக்கிட்டியா? நாலு பேரு பார்ப்பாங்கல்ல?"

துணி வேண்டாம் அத்தை, நாலு பேரும் பார்க்கட்டும், அவள் முகத்தை மூட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.