பூங்கோதை ஒட்டிய பொட்டு

மேனேஜர் தண்டபாணி செருமாமல் பேசமாட்டார்.

"க்கும், க்கும்! வீட்டிலிருந்து வேலை செய்யறவங்க கேமரா, மைக் நாள் முழுக்க ஆன்ல இருக்கணும். மறைச்சா வேலை போயிடும்!"

டைப்பிஸ்ட் பூங்கோதை தன் லேப்டாப் கேமராமேல் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். மறுநாளே தண்டபாணி அவளை லேப்டாப்போடு ஆபீசுக்கு வரச் சொன்னார். வீட்டிலிருக்கும் மற்றவர்களும் கேட்கட்டுமென்று தன் மைக்கைப் போட்டுவிட்டு, தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"க்கும்! எல்லார் முகமும் தெரியுது. உன் கட்டம் மட்டும் இருட்டு! ஒளிக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு என்னம்மா பயம்?"

"பொட்டை இப்பவே எடுத்துடறேன் சார். ஆனா உங்க கேமராமேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கே, அடி பலமோ?"

எல்லார் மைக்கும் ஆன்லதானே இருந்தது! அத்தனை வீட்டுச் சிரிப்பும் அவர் லேப்டாப்பிலிருந்தே கொட்டியது. தண்டபாணி வெறுமனே செருமிக்கொண்டே லேப்டாப்பை மூடினார்.

உத்தரவு அன்றே வாபஸ். மறுநாள் ஆண்கள்கூட டிசைன் பார்த்துப் பொட்டு வாங்கினார்கள்.